தேங்கும் நீர், திணறும் மீன்

கடந்த மே மாதத்தில் ஒருநாள் அதிகாலை, எங்கள் வீட்டுக் கூடத்திலுள்ள கண்ணாடித் தொட்டியில் ஆறு தங்கமீன்களும் நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இரை கேட்கின்றன என்றெண்ணி ஒரு சிட்டிகை தூவினேன். அவை தின்னவில்லை. விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி எழுந்து வருவதற்குள் இரண்டு மீன்கள் இறந்துவிட்டன.

காரணம் நான்தான். இரவெல்லாம் மோட்டார் வீணாக ஓடுகிறதே என்று, படுக்கச் செல்லும்முன் அதை நிறுத்துவதை ஒரு வாரமாக வழக்கமாக்கியிருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவனின் சிக்கனம் அது! கணக்கைப் பிறகுதான் போட்டேன். அந்த மோட்டார் 5 வாட் திறனுடையது. தினமும் 8 மணி நேரம் நிறுத்தினால் மிச்சமாவது மாதத்துக்கு வெறும் 1.2 யூனிட்.

மீன்தொட்டிக்கு மோட்டார் எதற்கு? குமிழிகள் நீரில் காற்றைக் கலக்கின்றன என்பதே பலரும் கூறும் விடை. அது பாதி உண்மை. குமிழிகள் சில விநாடிகளில் மேலே சென்று உடைந்துவிடுகின்றன. பிராணவாயு பெரும்பாலும் நீரின் மேற்பரப்பு வழியாகவே கரைகிறது. ஆனால், நீரில் அது தானாகப் பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். எனவே, அசையாத நீரில் மேல்தட்டு நிறைந்திருக்க, அடித்தட்டு வறண்டு கிடக்கும். அடிநீரை மேலே ஏற்றி, மேல்நீரைக் கீழே அனுப்புவதே மோட்டாரின் முதன்மைப் பணி. குமிழிகளும் அவ்வாறு நீரைக் கலக்குவதால்தான் பயன்படுகின்றன.

கோடையில் நிலைமை மோசமாகிறது. 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 8.3 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 ஆகக் குறைகிறது. அதே வெப்பத்தில் மீனின் தேவையோ கூடுகிறது. அளிப்பு குறைய, தேவை உயர்வதன் விளைவை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். வீட்டில் கவனிக்கத் தவறினேன்.

மற்றொன்றும் உண்டு. மீனின் கழிவிலிருந்து வெளிப்படும் அம்மோனியா நஞ்சு. வடிகட்டியின் பஞ்சில் வாழும் நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவற்றுக்கும் பிராணவாயு வேண்டும். அதைக் கொண்டு சேர்ப்பதும் நீரோட்டமே. பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்நீரில் கழுவினால் அவை மடியும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுவது நல்லது.

எவ்வளவு ஓட்டம் தேவை? மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப்போல் நான்கு, ஐந்து மடங்கு நீர் சுழல வேண்டும் என்பது மீன் வளர்ப்போரின் பொதுக் கணக்கு. 60 செ.மீ. நீளமும் தலா 30 செ.மீ. அகலமும் உயரமும் கொண்ட தொட்டி 54 லிட்டர் கொள்ளும். அதற்கு மணிக்கு 216 முதல் 270 லிட்டர். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட அளவு, நீரை உயர்த்த வேண்டிய தேவையே இல்லாதபோது கிடைப்பது. உயரம் கூடினாலும் பஞ்சு அடைத்தாலும் அது குறையும். நீர் வெளியேறும் வாய் மேற்பரப்பில் சிற்றலை எழும்படியும், உறிஞ்சும் வாய் எதிர்முனையின் அடியிலும் அமைவது சிறப்பு.

எல்லா மீனுக்கும் ஒரே அளவு பொருந்தாது. காற்றை நேரடியாகச் சுவாசிக்கவல்ல ஃபைட்டர் மீன் அமைதியான நீரையே விரும்பும். வலுவான ஓட்டம் அதைக் களைப்படையச் செய்துவிடும். வெளியே வைக்கும் காற்று மோட்டாரை நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். இல்லையேல் மின்தடையின்போது குழாய்வழி நீர் பின்னோக்கி வடியக்கூடும். நெடுநேர மின்தடையில் பேட்டரி மோட்டார் உதவும். அதுவும் இல்லையெனில், குவளையால் நீரை மொண்டு சற்று உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் ஊற்றலாம்.

மருத்துவராக இருந்த பிரான்சுவா கேனே, 1758-இல் தம் பொருளாதார அட்டவணையில் ஒரு நாட்டின் செல்வத்தைச் சுழற்சியாகக் காட்டினார். தேக்கம் நோய் என்பதை மாணவர்களுக்குச் சொல்லி வந்தவன் நான். தொட்டி நிறைய நீர் இருந்தும் மீன் மூச்சுத் திணறும் என்பதைக் காண எனக்கு இரண்டு உயிர்கள் தேவைப்பட்டன.

எஞ்சிய நான்கு மீன்களும் நலம். ஊருக்குக் கிளம்பும்போது பேத்தி அந்த சுவிட்சின்மேல் ஒரு தாள் ஒட்டிச் சென்றாள்: 'தாத்தா, தொடாதீங்க.' அது இன்னும் அங்கேயே இருக்கிறது.