தனித்துக் கிடக்கும் தங்கம்

கிருஷ்ணகிரி மாவட்டத்து நாகரசம்பட்டிக்கு வடக்கே, மாநில எல்லையைக் கடந்தால், கோலார் தங்கவயல் இருக்கின்றது. அங்கே 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கம் வெட்டினர். வெண்ணிறப் படிகக் கல்லை உடைத்தபோது, அதனிடையே தங்கம் தங்கமாகவே ஒட்டிக்கொண்டிருந்தது. சிறிது வெள்ளி கலந்திருக்கலாம். ஆயினும் அது உலோகமே.

இரும்பின் கதை வேறு. நாகரசம்பட்டி இருக்கும் இம்மாவட்டத்துச் செம்மண்ணின் சிவப்பே இரும்பால் வந்தது. எனினும், அம்மண்ணை எவ்வளவு சலித்தாலும் உலோக இரும்பு கிட்டாது. காந்தத்தில் கருமணல் ஒட்டுகிறதே என்று மாணவர்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் அதுவும் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மமே அன்றி, இரும்பு அன்று.

ஏன் இந்த வேற்றுமை? இரும்பின் அணு தன் வெளி எலெக்ட்ரான்களை எளிதில் ஆக்சிஜனுக்குக் கொடுத்துவிடுகின்றது. அவ்வாறு சேரும்போது வெப்பம் வெளிப்படும். மீண்டும் பிரிக்க வேண்டுமாயின், வெளிப்பட்ட ஆற்றலை நாம் திருப்பித் தந்தாக வேண்டும். கரியை மூட்டித் துருத்தி ஊதிய பண்டைக் கொல்லர்கள் செய்தது அதுவே. இம்மாவட்டத்தின் மயிலாடும்பாறையில் இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 என 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. விண்கல்லாக விழும் இரும்பு உலோகமாகவே வருகின்றது. அதுவும் நம் காற்றும் ஈரமும் பட்டால் துருவேறும்.

தங்கத்தின் அணுக்கருவில் 79 புரோட்டான்கள் உள்ளன. அவற்றின் கவர்ச்சியால் உள் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேற்பட்ட வேகத்தில் இயங்குகின்றன. ஐன்ஸ்டீனின் சார்பியல் இங்கே குறுக்கிடுகின்றது: அதன் விளைவால் வெளி எலெக்ட்ரானும் கருவை நெருங்கி, எளிதில் பிரியாது நிற்கின்றது. ஆய்வுக்கூடத்தில் தங்க ஆக்சைடு செய்தாலும், சிறிது சூடேற்றினால் தங்கமும் ஆக்சிஜனும் பிரிந்துவிடும்.

எனினும், தங்கம் எதனோடும் சேராது என்று எண்ணிவிடலாகாது. நிலத்தின் ஆழத்தில் வெந்நீரில் கந்தகத்தோடு இணைந்துதான் அது கரைந்து வருகின்றது. அந்நீர் இரும்பு மிகுந்த பாறையைத் தொட்டால், கந்தகம் இரும்பைப் பற்றிக்கொள்கின்றது. தங்கம் தனியே படிகின்றது. இரும்பு கட்டுண்டு தங்கத்தை விடுவிக்கிறது எனலாம்!

தனித்திருப்பவை எல்லாம் சோம்பல் மிக்கவை என்பதும் தவறு. காற்றில் 21 விழுக்காடு இருக்கும் ஆக்சிஜன் மிகுந்த வேட்கை உடையது. பச்சைத் தாவரங்களும் கடற்பாசிகளும் இடைவிடாமல் வெளியிடுவதால்தான் அது தீராமல் இருக்கின்றது.

இனித் தங்கவயலுக்குத் திரும்புவோம். மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் சென்று சுமார் 800 டன் தங்கம் எடுத்த அச்சுரங்கம், 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் மூடப்பட்டது. இறுதிக் காலத்தில் ஒரு டன் பாறைக்குச் சில கிராம் தங்கமே தேறிற்று. கண்ணுக்குப் புலப்படாத துகள்களைப் பொறுக்க முடியாதன்றோ? ஆதலால் பாறையைப் பொடியாக்கி, சயனைடு கரைசலில் ஊறவைத்து, தனித்திருந்த தங்கத்தைச் சேர்மமாக்கிக் கரைத்தனர். பின் அதனின்றும் பிரித்தனர். எஞ்சிய சாம்பல்நிறப் பொடி ஊரைச் சூழ்ந்து மேடுகளாய்க் குவிந்தது. தமிழகத்திலிருந்து சென்று சுரங்கத்தில் உழைத்தோரின் வழிவந்தவர்கள் பலர் இன்றும் அங்கே வாழ்கின்றனர். காற்று பலமாக வீசும் நாள்களில் அம்மேடுகளின் தூசு அவர்கள் வீடுகளில் படிகின்றது.