உடலுக்கு விலையில்லை, இழந்த ஊதியத்துக்கு உண்டு

வீதி விபத்தில் ஒருவர் காயமுற்றால் நம்மவரிடையே பெரும்பாலும் நிகழ்வது இதுதான். மோட்டார் வண்டியின் சொந்தக்காரர் தோடம்பழப் பையுடனும் ஒரு கடித உறையுடனும் வைத்தியசாலைக்கு வருவார். வழக்கென்று போனால் வருடக்கணக்கில் இழுபடும் என்பார். காயமுற்றவரின் வீட்டாரோ, உயிர் தப்பியதே பெரிது, முறிந்த காலுக்குக் காசு கேட்பதா என்று கூசி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு நீட்டிய கடதாசியில் கையொப்பம் இடுவர். இக்கூச்சம் நல்ல மனத்தில் பிறந்ததே. ஆயினும் அது ஒரு மயக்கத்தின்பாற்பட்டது.

அம்மயக்கத்தை ஏறத்தாழப் பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே தெளிவித்தவர் காயஸ் என்னும் உரோம சட்ட அறிஞர். வீட்டு மாடியிலிருந்து எறியப்பட்ட பொருள் வீதியிற் சென்றவர்மேல் விழுந்து காயப்படுத்தினால் நீதிபதி எவற்றைக் கணக்கிட வேண்டும் என்பது வினா. வைத்தியருக்குக் கொடுத்த கூலி, சிகிச்சைக்கான பிற செலவுகள், அவர் இதுவரை இழந்த வேலை, இனி இழக்கப்போகும் வேலை ஆகியவற்றைக் கணக்கிடலாம் என்றார் காயஸ். தழும்புக்கும் உருக்குலைவுக்கும் கணக்கில்லை. சுதந்திர மனிதனின் உடலை மதிப்பிட முடியாது என்பது அவர் கருத்து. கி.பி. 533 இல் யுஸ்தீனியன் பேரரசனின் சட்டத் தொகுப்பில் இது சேர்க்கப்பட்டது. உடலுக்கு விலை கூறக் கூசும் நம் வீட்டாரும் காயஸும் ஒரே கருத்தினரே. ஆனால் இழந்த கூலியைக் கேட்பதற்கு அவர் கூசவில்லை.

இது ஏதோ பழங்கதையன்று. ஒல்லாந்தர் இலங்கைக்குக் கொணர்ந்த உரோம - டச்சுச் சட்டத்தை ஆங்கிலேயர் 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் தொடர்ந்து நிலைக்கச் செய்தனர். கவனயீனத்தால் விளைந்த நட்டத்துக்கு இன்றும் அதுவே அடிப்படை. (தேசவழமை முதுசம், சீதனம் போன்றவற்றைப் பேசுவது, காயத்துக்கு யாழ்ப்பாணத்தவரும் உரோம - டச்சுச் சட்டத்தையே நாடவேண்டும்.) காலப்போக்கில் நோவுக்கும் உருக்குலைவுக்கும் ஒரு தொகை சேர்க்கப்பட்டது. அத்தொகை நீதிபதியின் மதிப்பீடு. பண நட்டமோ நாம் எண்ணிக் காட்டவேண்டியது.

எப்படி எண்ணுவது? நாளொன்றுக்கு 3,000 ரூபா உழைக்கும் மேசன் ஒருவரை எடுத்துக்கொள்வோம். துவிச்சக்கர வண்டியில் வரும்போது லொறி மோதிக் கால் முறிந்தது. நான்கு மாதம் வேலையில்லை. மாதம் 25 நாளாக 100 நாட்கள். 3,00,000 ரூபா போயிற்று. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் ஆதலால் வேறு செலவே இல்லை என்று வீட்டார் எண்ணுவர். வெளியே வாங்கிய மருந்து, கிளினிக்குக்குப் போய்வந்த ஓட்டோக் கூலி, ஊன்றுகோல், அவரைப் பராமரிக்க மனைவி தன் வேலையை விட்டு நின்ற நாட்கள் எல்லாம் எங்கே போயின? எழுதிவைக்காத காரணத்தால் அவை காற்றோடு போயின!

அதிலும் பெரிய நட்டம் கால் பொருந்திய பின்னர்தான் தொடங்குகின்றது. சாரத்தில் ஏற முடியாதவருக்கு அரைக்கூலியே கிடைக்குமாயின் ஆண்டுக்கு 300 நாட்களில் 4,50,000 ரூபா குறைகின்றது. அவர் இன்னும் இருபது ஆண்டு உழைக்கக்கூடியவர் எனின் அதை இருபதால் பெருக்கி அப்படியே தரமாட்டார்கள். மொத்தமாகப் பெறும் பணம் வட்டி ஈட்டும்; நோய் முதலியவற்றால் எப்படியும் சில நாள் வேலை கெட்டிருக்கும். இவற்றுக்காக நீதிமன்றம் தொகையைக் குறைக்கும். குறைத்த பின்னும் அது உறைக்குள் வந்த பணத்திலும் பன்மடங்காக இருக்கும்.

இங்கிலாந்தில் புகையிரத விபத்தில் காயமுற்ற பிலிப்ஸ் என்னும் வைத்தியருக்கு ஜூரிகள் 7,000 பவுண் வழங்கினர். ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 பவுண் உழைத்தவருக்கு அது போதாதென 1879 இல் மறுவிசாரணை கட்டளையிடப்பட்டது; இரண்டாம் ஜூரிகள் 16,000 பவுண் வழங்கினர். வைத்தியரின் உடல் மேசனின் உடலிலும் உயர்ந்தது என்பது இதன் பொருளன்று. உழைப்பை நிரூபித்தவருக்கு அந்த உழைப்பின் அளவே கிடைக்கும்.

இங்கேதான் நம்மவர் தோற்கின்றனர். ஆசிரியருக்கும் கிளாக்கருக்கும் சம்பளப் பத்திரம் உண்டு. மீனவருக்கும் சீவல் தொழிலாளிக்கும் சிறுகடைக்காரருக்கும் என்ன உண்டு? கூட்டுறவுச் சங்கத்தில் மீனோ கள்ளோ கொடுத்த பற்றுச்சீட்டு, கடைக்குச் சாமான் எடுத்த கணக்குக் கொப்பி, வங்கிப் புத்தகம், உடன் வேலை செய்தவரின் சாட்சியம் ஆகியனவே துணை. கூலியாளையும் சட்டம் ஒதுக்குவதில்லை. கணக்கில்லாதவருக்குக் கொடுக்க வழியறியாது நிற்கின்றது.

நட்டத்தைக் காட்டினால் மட்டும் போதாது. மற்றவரின் கவனயீனத்தையும் காட்டவேண்டும். பொலிசார் சாரதிமீது தொடரும் வழக்கில் விதிக்கப்படும் குற்றப்பணம் அரசாங்கத்துக்கே உரியது. நீதவான் நட்டஈடு கட்டளையிடலாமாயினும், முழு நட்டத்துக்கு மாவட்ட நீதிமன்றமே இடம். நம் மேசன் இரவில் விளக்கின்றி வந்தவரானால் என்ன செய்வது? தன் பிழையாற் சகலதையும் இழக்கும் நிலை முன்னர் இருந்தது. 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின் பின் அவர் பங்கு காற்பங்காயின் காற்பங்கே கழியும். வேலைத்தலத்து விபத்தாயின் 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் முதலாளியின் கவனயீனத்தை நிரூபிக்கவும் வேண்டியதில்லை.

லொறிக்காரர் ஏழையாயிற்றே என்று இரங்குவோரும் உளர். மூன்றாந்தரப்புக் காப்புறுதி 1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது. பெரும்பாலும் பணம் வருவது காப்புறுதிக் கம்பனியிலிருந்தே. ஆதலின் முதல் நாளே வண்டி இலக்கத்தோடு காப்புறுதி இலக்கத்தையும் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

நட்டஈட்டு வழக்கை இரண்டாண்டுக்குள் தொடுக்கவேண்டும் என்பது 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். பேச்சுவார்த்தையில் நாள் கழிப்பது எதிர்த்தரப்புக்கே இலாபம். “முழுமையான இறுதித் தீர்வு” என்று எழுதிய கடதாசியில், கால் இனி எவ்வளவு தேறும் என வைத்தியர் எழுதித் தருமுன் கையொப்பம் இடலாகாது. செலவுக்குக் கை முட்டினால், தரும் பணத்தை முற்பணம் என்று எழுதிப் பெறலாம். வைத்தியரின் முடிவு இரண்டாண்டு நெருங்கியும் வராவிடின், சட்டத்தரணி மூலம் வழக்கைப் பதிந்துவிட்டு அம்முடிவுக்குக் காத்திருக்கலாம்.