நுணுக்குக்காட்டியும் அதனை ஆளும் முறையும்

எமது கல்லூரியின் விஞ்ஞான ஆய்கூடத்திலே நுணுக்குக்காட்டியின் முன் முதன்முதல் அமர்ந்த நாளை மறந்த பழைய மாணவர் இலர் எனலாம். அன்று எம்மிற் பெரும்பாலார் கண்டது கலமுமன்று, கிருமியுமன்று. தத்தம் கண்ணிமை மயிரின் நிழலே. கருவி பழுதென்று ஆசிரியரிடம் முறையிட்டோம். பழுது கருவியில் இல்லை. அதனை ஆளும் முறையை நாம் அறியாமையே பழுதாயிருந்தது. அம்முறையை இளைய மாணாக்கர்க்கு விளக்குவதும், மூத்தோர்க்கு நினைவூட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கிலாந்தைச் சேர்ந்த உறொபேட்டு ஊக்கு என்பார் தக்கையின் மெல்லிய சீவலை நுணுக்குக்காட்டியால் நோக்கித் தாம் கண்ட சிற்றறைகளை 1665ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ‘கலம்’ என்று நாம் வழங்கும் பொருட்கு அடிகோலியது அந்நோக்கே. சில ஆண்டுகளின் பின்னர், ஒல்லாந்தின் டெல்வ்று நகரில் துணி வாணிகஞ் செய்த இலீவன்குக்கு என்பார், தாமே தேய்த்த ஒற்றை வில்லையால் நீர்த்துளியில் வாழும் நுண்ணுயிர்களைக் கண்டார். எமது ஆய்கூடத்தில் உள்ளதோ இரு தொகுதி வில்லைகளையுடைய கூட்டு நுணுக்குக்காட்டி.

இதன் உறுப்புக்களை அடியிலிருந்து காண்போம். பாரமான அடித்தளமும் அதிலிருந்தெழும் வளைந்த புயமும் கருவியைத் தாங்குவன. அடியில் ஒளியை மேனோக்கிச் செலுத்தும் ஆடி உண்டு. இக்காலக் கருவிகளில் அதனிடத்தை மின்விளக்குப் பெற்றுளது. அதன்மேல் ஒளியைக் குவிக்கும் ஒடுக்கியும், ஒளிக்கூம்பை அகட்டவும் குறுக்கவும் உதவும் கதிராளித் திரையும் உள. அவற்றின்மேல் மேடை, அதன் நடுத்துளைக்கு நேரே வழுக்கி வைக்கப்படும். மேடைக்கு மேலே சுழலும் மூக்குத்துண்டும், அதிற் பொருத்திய பொருள்வில்லைகளும், குழாயும், குழாயின் உச்சியிற் பார்வைத்துண்டும் அமைந்துள்ளன. பெருந்திருகும் நுண்டிருகும் வில்லைக்கும் வழுக்கிக்கும் உள்ள தூரத்தை மாற்றுவன.

பொருள்வில்லை, பொருளின் பெருத்த, தலைகீழான விம்பமொன்றைக் குழாயினுள்ளே தோற்றுவிக்கின்றது. அவ்விம்பத்தைப் பார்வைத்துண்டு மேலும் பெருப்பித்துக் கண்ணுக்குக் காட்டுகின்றது. ஆதலின் வழுக்கியை வலப்புறம் நகர்த்தினால் விம்பம் இடப்புறம் ஓடும். பார்வைத்துண்டு 10 மடங்கும் பொருள்வில்லை 40 மடங்கும் பெருப்பிக்குமாயின் மொத்த உருப்பெருக்கம் 400 மடங்காகும்.

எனின், உருப்பெருக்கத்தை மேன்மேலும் கூட்டினால் யாவையும் காணலாமோ எனின், ஆகாது. மிக நெருங்கிய இரு புள்ளிகளை இரண்டெனப் பிரித்துக் காட்டும் ஆற்றலே கருவியின் உண்மையாற்றல். அது பிரிவலு எனப்படும். ஒளி அலையியல்பு உடையதாகலின் அதற்கு ஓர் எல்லை உண்டென்பதைச் செருமானிய அறிஞர் அபே 1873இல் நிறுவினார். சாதாரண ஒளி நுணுக்குக்காட்டிக்கு அவ்வெல்லை ஏறக்குறைய 0.2 மைக்குரோமீற்றர், அதாவது மில்லிமீற்றரின் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. அதற்கப்பாற் பெருப்பித்தல் மங்கிய படத்தை அகலமாக்குவதேயன்றிப் புதிதாக ஒன்றையும் காட்டாது.

இனி ஆளும் முறை. கருவியை ஒரு கையாற் புயத்திற் பற்றி, மறுகையால் அடித்தளத்தைத் தாங்கி எடுத்தல் வேண்டும். எப்பொழுதும் குறைந்த வலுவுடைய பொருள்வில்லையிலேயே தொடங்குக. ஆடியை வெளிச்சத்தை நோக்கித் திருப்புக. ஞாயிற்றின் நேரொளியை ஒருபோதும் ஆடியில் ஏற்றலாகாது. பின்னர்ப் பக்கத்தே குனிந்து பார்த்தவாறே வில்லையை வழுக்கிக்கு அண்மையிற் கொணர்ந்து, அதன்பின் கண்ணைப் பார்வைத்துண்டில் வைத்து, வில்லையை மெல்ல விலக்கிக்கொண்டே விம்பத்தைத் தேடுக. பார்வைத்துண்டில் கண்ணை வைத்தபடி வில்லையைத் தாழ்த்துதல் பெரும்பிழை. அப்பிழையால், ஆசிரியர் பலநாள் உழைத்து ஆக்கிய வழுக்கியொன்றை நாமே நொறுக்கியதுண்டு. அவர் சினக்கவில்லை, உடைந்த துண்டுகளைப் பொறுக்கிவிட்டு, அடுத்த வழுக்கியை எம் கையிலேயே தந்தார். அப்பாடம் இன்றும் மறக்கவில்லை.

உயர் வலுவுக்கு மாற்றியபின் நுண்டிருகையன்றிப் பெருந்திருகைத் தொடலாகாது. கதிராளித் திரையை மிக ஒடுக்கினாற் படம் கருமை வெண்மையாய் எடுப்பாகத் தோன்றும். ஆயினும் நுண்ணிய விவரங்கள் மறையும். 100 மடங்குப் பொருள்வில்லைக்கும் வழுக்கிக்கும் இடையே ஒரு துளி எண்ணெய் இடுதல் வேண்டும். கண்ணாடியிலிருந்து காற்றிற் புகும் ஒளி விலகிச் சிதறும். கண்ணாடியையொத்த முறிவுடைய எண்ணெயிலோ அது சிதறாது வில்லையை அடையும். வேலை முடிந்ததும் எண்ணெயை வில்லைத் தாளால் ஒற்றியெடுத்தல் கடமை.

பயிற்சிக்கு வெங்காயச் செதிலின் உட்தோல் போதும். அதனை உரித்து, நீர்த்துளியில் விரித்து, ஒரு துளி அயடீன் இட்டு, மூடித்துண்டைச் சரித்து மெல்ல இறக்குக. சரித்திறக்காவிடிற் காற்றுக்குமிழிகள் அகப்படும். கருங்கரையுடைய அக்குமிழிகளைக் கலமென வரைந்து கொணரும் மாணாக்கர் ஆண்டுதோறும் உளர். பாடநூற் படத்தைப் பார்த்து வரைவோரும் உளர். அவர்கள் கண்டதை வரைந்தாரல்லர். காணவேண்டுமென்று எண்ணியதை வரைந்தார்.

இது வெறும் பரீட்சைக் குற்றமன்று. 1897ஆம் ஆண்டிலே செக்கந்தராபாத்தில் உரொனால்டு உறொசு என்பார் நுளம்பின் இரைப்பையில் மலேரியாக் கிருமியைக் கண்டபொழுது, அவரது கருவியின் திருகுகள் வியர்வையால் துருவேறியிருந்தன. எஞ்சிய பார்வைத்துண்டும் விரிசலுற்றிருந்தது. கருவி குன்றினும் நோக்கு குன்றவில்லை. 1934–35இல் எமது நாட்டில் மலேரியா ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கவர்ந்தது. 1963இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. நோய் ஒழிந்ததென்று தெளித்தலும் கண்காணிப்பும் தளரவே, அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மீண்டும் நோயுற்றனர். நீண்ட முயற்சியின் பின்னர், 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

குருதிப் பூச்சில் கிருமியைக் கண்டவர் ‘உண்டு’ என்று உடனே உரைக்கலாம். ‘இல்லை’ என்று உரைக்க விரும்புவோர் நூறு பார்வைப் புலங்களையேனும் ஒவ்வொன்றாய் நோக்கியாதல் வேண்டும். நாற்பதோடு களைத்து எழுந்தவரின் ‘இல்லை’ ஒரு நோயாளியின் உயிருக்கு உலையாகலாம்.

ஆகவே, இளைய மாணாக்கரே, ஆய்கூடத்தில் நுணுக்குக்காட்டியின் முன் அமரும்போது விரைய வேண்டாம். ஒளியைச் செம்மை செய்க, தாழ்வலுவிற் தொடங்குக, கண்டதையே வரைக, காணாததைக் காணவில்லை என்று எழுதுக. எமது ஆசிரியர் எமக்கு ஈந்த செல்வம் இதுவே. அதனை உங்கள் கையில் ஒப்புவிக்கின்றோம்.