மூக்குத்தியும் மூடிய வாசலும்

விருத்தாசலத்தில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறுகிறவர்களுக்கு ஒரு தகவல். குமரிமுனையில் பகவதி அம்மன் கிழக்கே கடலைப் பார்த்து நிற்கிறாள். ஆனால் கோயிலின் கிழக்கு வாசல் ஆண்டில் சில விசேஷ நாட்களில்தான் திறக்கும். மற்ற நாளெல்லாம் வடக்கு வாசல் வழிதான். அதற்குச் சொல்லும் காரணம்: அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நம்பிய கப்பல்கள் பாறையில் மோதினவாம்! அது செவிவழிக் கதை. ஆனால், சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் குறிப்பிலேயே குமரி வருகிறது: இங்கே ஒரு தேவி நீராடினாளாம், விரதம் பூண்டவர்களும் வந்து நீராடுகிறார்களாம். கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுச் செல்வது வழக்கம். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.