குருவி மேல ரவை!

'நாய்ஸ்... நாய்ஸ்...' என்று கேமராக்காரர்கள் புலம்புவதைக் கேட்டுவிட்டு, "படத்துக்குள்ளே ஏது சார் சத்தம்? எந்த நாய் குரைக்குது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்! இது காதில் விழுகிற சத்தமில்லை, கண்ணில் விழுகிற சத்தம். ஆசை ஆசையாக எடுத்த குருவிப் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். குருவி மேலேயும், பின்னாலிருக்கும் இலை மேலேயும் யாரோ ரவையைக் கொட்டிவிட்ட மாதிரி பொடிப் பொடியாகப் புள்ளிகள். அதுவும் வெள்ளை ரவை இல்லை... சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கலர் ரவை!

எல்லாம் ஐ.எஸ்.ஓ. எண்ணை ஏற்றியதால் வந்த வினை என்பார்கள். (ஃபிலிம் காலத்தில் ஏ.எஸ்.ஏ. என்று சொன்னோமே, அதேதான்.) இதைக் கேட்டுவிட்டுப் பலர், "செத்தாலும் நானூறுக்கு மேல போகமாட்டேன்" என்று சபதம் போட்டுக்கொண்டு தோட்டத்தில் இறங்குகிறார்கள். ரவை இல்லாத படம் கிடைக்கிறது. கூடவே, குருவியும் இல்லாத படம்! பச்சையும் பழுப்புமாக ஏதோ ஒன்று இழுபட்டிருக்கும். "இதுதான் ஆறுமணிக் குருவி" என்று பக்கத்தில் நின்று சத்தியம் பண்ண வேண்டும்.

ஆறுமணிக் குருவியைத் தெரியாதவர்களுக்கு ஒரு அறிமுகம். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க நம் பக்கமும் இலங்கைப் பக்கமும் வருகிற விருந்தாளி. மைனாவைவிடச் சின்னது. முதுகு பச்சை, இறக்கையில் பளீர் நீலம், கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, நெஞ்சு சந்தனக் கலர், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. இந்தியில் 'நவ்ரங்' என்று பெயர். வால் மட்டும், துணி போதாமல் டெய்லர் கத்தரித்துவிட்ட மாதிரி துக்குணியூண்டு! காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் விசிலடிப்பதால் நம்மூரில் இந்தப் பெயர்.

இது வெயிலில் வந்து நின்று போஸ் கொடுக்குமா? ம்ஹூம். மரத்தடி நிழலில், சருகைக் கிளறிப் பூச்சி பிடித்துத் தின்னும். ஆக, நேரம் காலை ஆறு... இடம் மாமர நிழல்... ஆசாமியோ ஒரு இடத்தில் நிற்காத ஆசாமி! போட்டோகிராபருக்கு இதைவிடப் பெரிய பரீட்சை கிடையாது.

அந்த வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. 400 வைத்தால், கேமரா கேட்கிற ஷட்டர் வேகம் வினாடியில் முப்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் குருவி தலையைத் திருப்பிவிடும், நம் கையும் ஆடிவிடும். 800, 1600, 3200, 6400 என்று நாலு படி ஏற்றினால், ஐநூறில் ஒரு பங்கு கிடைக்கிறது. சருகு கிளறுகிற குருவிக்கு அது தாராளம். செம்பருத்தியில் தாவுகிற தேன்சிட்டு என்றால் ஆயிரத்தில் ஒன்று வேண்டும். பறக்கும்போதே பிடிக்க ஆசைப்பட்டால் இரண்டாயிரத்தில் ஒன்றாவது தேவை.

"அப்போ ரவை?"

வரும். ஆனால், அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். மொட்டை மாடியில் வரிசையாகப் பத்து டம்ளர் வைத்திருக்கிறீர்கள். தூறல் போடுகிறது. ஒரு நிமிஷம் கழித்துப் பார்த்தால், ஒரு டம்ளரில் எட்டுச் சொட்டு, பக்கத்து டம்ளரில் பதின்மூன்று, அடுத்ததில் ஒன்பது. அதுவே அடைமழையென்றால்? எல்லா டம்ளரிலும் ஏறக்குறைய ஒரே மட்டம். கேமராவுக்குள் இருக்கும் சென்ஸார் என்பது கோடிக்கணக்கான குட்டி டம்ளர்கள்தான். வெளிச்சம்தான் மழை. ஒரு புள்ளிக்குச் சராசரியாக 100 ஒளித்துகள் விழுந்தால், புள்ளிக்குப் புள்ளி வித்தியாசம் சுமார் 10 இருக்கும், நூற்றுக்குப் பத்து. 10,000 விழுந்தால் வித்தியாசம் சுமார் 100, நூற்றுக்கு ஒன்றுதான். அந்த வித்தியாசம்தான் ரவை!

அதாவது, குற்றவாளி ஐ.எஸ்.ஓ. இல்லை, இருட்டு. ஐ.எஸ்.ஓ. என்பது ரேடியோவில் வால்யூம் திருகுகிற மாதிரி. ஸ்டேஷன் சரியாக எடுக்காதபோது சத்தத்தைக் கூட்டினால், பாட்டோடு சேர்ந்து 'கொர்ர்'ரும் கூடுகிறது. திருகின கையைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்?

சில கெட்டிக்காரர்கள், ஐ.எஸ்.ஓ.வைக் குறைவாக வைத்து இருட்டாக எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் வெளிச்சம் கூட்டுவார்கள். டம்ளரில் விழுந்த சொட்டு அதேதானே? ரவையும் அதேதான். பழைய கேமரா என்றால் இன்னும் மோசமாகும். முக்கியமாகக் குயில், கரிச்சான் மாதிரி கறுப்பர்கள் வெளுத்த வானத்துக்கு முன்னால் உட்காரும்போது, கேமரா ஏமாந்துபோய்ப் படத்தை இருட்டாக்கிவிடும். அப்போது எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டி எடுப்பதுதான் புத்திசாலித்தனம். ரவை முதலில் குடியேறுவது நிழலில்தான். கொக்குக்கு இதே வைத்தியம் பண்ணிவிடாதீர்கள், சலவைக்குப் போட்ட வேட்டி மாதிரி ஆகிவிடும்!

ஃபிலிமிலும் புள்ளி இருந்தது. அது வெள்ளித் துகள். 'கிரெய்ன்' என்றார்கள். மா.கிருஷ்ணன் (1912-1996) காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிக்கொண்ட கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வேறு வைத்திருந்தார். அந்தப் படங்களில் யானை யானையாக இருக்கிறதா என்று பார்த்தார்களே தவிர, பூதக்கண்ணாடி வைத்து யாரும் புள்ளியை எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

எண்ணினால்தான் என்ன என்கிறீர்களா? எண்ணுகிற ஆசையில் சிலர் செய்கிற காரியம்தான் வயிற்றைக் கலக்குகிறது.

குரோட்டன்ஸ் செடியில், கை எட்டுகிற உயரத்தில் கொண்டைக்குருவி கூடு கட்டும். உள்ளே இரண்டு மூன்று குஞ்சு. இலை மறைப்பதால் உள்ளே இருட்டு. "ஐ.எஸ்.ஓ.வை ஏற்ற மாட்டேன், வெளிச்சத்தை ஏற்றுகிறேன்" என்று கத்தரிக்கோலோடு கிளம்பிவிடுகிறார்கள். நாலு இலையை வெட்டியதும் படம் சுத்தமாக வரும். ரவையே இருக்காது. ஆனால், அந்த நாலு இலைதான் குஞ்சுகளுக்குக் கூரை. மத்தியான வெயில் நேரே உள்ளே இறங்கும். எதிர்வீட்டு ஆன்டெனாவில் உட்கார்ந்திருக்கும் காக்காவுக்கும் கூடு தெரிந்துவிடும். அப்புறம் சொல்ல வேண்டியதே இல்லை. 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், கூட்டைக் குலைப்பதையும் முட்டையைச் சேதப்படுத்துவதையும் 'வேட்டை' என்ற சொல்லுக்குள்தான் வைத்திருக்கிறது. துப்பாக்கி இல்லாத வேட்டை!

கூட்டுப் பக்கமே போகாமல் வெளிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. வெளிச்சத்தைக் குருவியிடம் கொண்டுபோகாதீர்கள், குருவியை வெளிச்சத்துக்கு வரவழையுங்கள். அகலமான மண் தட்டில் இரண்டு விரல்கடை ஆழத்துக்குத் தண்ணீர். காலை ஏழரை, எட்டு மணிக்கு இளவெயில் எங்கே விழுகிறது என்று பார்த்து அங்கே வையுங்கள். பக்கத்தில் உட்கார ஒரு காய்ந்த குச்சி. தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் குருவிக்கு முன்னால் டெங்கு கொசு வந்துவிடும்! ஒரு வாரம் பொறுத்தால் தவிட்டுக்குருவிகள் குடும்பத்தோடு குளிக்க வரும். பின்னாலேயே குண்டுகரிச்சான், தையல்சிட்டு எல்லாம். ஜன்னல் திரைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கிட்டத்திலேயே கிடைக்கும். கிட்டத்தில் எடுப்பது முக்கியம். தூரத்தில் எடுத்துக் கம்ப்யூட்டரில் வெட்டிப் பெரிதாக்கினால், ரவையும் ஜவ்வரிசியாகப் பெரிதாகும்.

நிழலை விட்டு வரவே வராத நம்ம ஆறுமணியாருக்கு? தயங்காமல் 6400 வைத்து முதலில் நாலு படம் எடுத்துவிடுங்கள். மனிதர் அசையாமல் நின்றால் 3200, 1600 என்று ஒவ்வொரு படியாக இறங்கிப் பாருங்கள். போய்விட்டாலும் கையில் நாலு படம் இருக்கும். ஜே-பெக் வேண்டாம், 'ரா' ஃபைலாக எடுங்கள். பிற்பாடு ரவையைச் சலித்து எடுக்க இப்போது நல்ல சல்லடைகள் இருக்கின்றன. 2023-ல் அடோபி லைட்ரூமிலேயே செயற்கை நுண்ணறிவுச் சல்லடை வந்துவிட்டது. ஆனால், ரொம்பச் சலித்தால் இறகெல்லாம் வழவழவென்று மெழுகு பொம்மை ஆகிவிடும். பின்னணியை நன்றாகச் சலியுங்கள், குருவியைப் பாதியில் விடுங்கள். போஸ்ட் கார்டு சைஸில் பிரிண்ட் போட்டால் மிச்ச ரவை கண்ணுக்கே தெரியாது.

ஒரு வேண்டுகோள். அக்டோபர் பிறந்ததும் மாமரத்தடிச் சருகைப் பெருக்காமல் விட்டு வையுங்கள். வீட்டம்மா கேட்டால், "வடக்கேயிருந்து விருந்தாளி வர்றாங்க" என்று சொல்லலாம்.

"விருந்தாளி வந்தா பெருக்கித்தானே வைப்பாங்க?" என்பார். அதற்குப் பதிலை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்!