இரவு மோட்டாரும் பறிபோகும் தூக்கமும்

மும்முனை மின்சாரம் இரவு முறையில் வரும் ஊர்களில், விவசாயியின் தூக்கம் மின்பாதையின் கையில் இருக்கிறது. 11 மணிக்கு மின்சாரம் வந்தால் 11 மணிக்கு எழ வேண்டும். 2 மணிக்கு வந்தால் 2 மணிக்கு. மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து படுக்கலாம் என்றால் மடை உடைந்து தண்ணீர் அடுத்தவர் வயலுக்குப் போய்விடும். நாலு மடை திருப்பி முடிப்பதற்குள் பால் கறக்கும் நேரம் வந்துவிடும். கடலை, மக்காச்சோளம் போட்டவர்களுக்கு இதோடு காட்டுப்பன்றிக் காவலும் உண்டு. விதை நேர்த்தி, உர அளவு, களை மேலாண்மை என்று எல்லாவற்றையும் பயிற்சிகளில் பேசுகிறோம். வேலை செய்கிற உடம்பு எத்தனை மணி நேரம் தூங்கியது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

வயது வந்தவர்களுக்கு ஒரு நாளில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதையும் துண்டு துண்டாக இல்லாமல் தூங்க வேண்டும். ஒரு தூக்கச் சுற்று முடிய ஏறக்குறைய 90 நிமிடம் ஆகிறது. அதில் ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் மாறி மாறி வருகின்றன. உடம்பின் அலுப்பைத் தீர்ப்பதில் ஆழ்ந்த தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இரவில் மூன்று முறை எழுந்து மோட்டார் பார்த்தவர் கணக்குக்கு 7 மணி நேரம் படுத்திருந்தாலும், இந்தச் சுற்றுகள் பாதியில் அறுந்துபோகின்றன.

இதன் விலை என்ன? 1997-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வில், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை, கண், கவன ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடைய அளவுக்கு இறங்கிவிட்டது தெரிந்தது. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட எல்லை 0.03 சதவீதம்தான். காலை 5 மணிக்கு எழுந்தவருக்கு இரவு 10 மணிக்கே 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. பகலிலும் கண் அயராமல் நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு அவர் வரப்பில் நின்றால், விழித்து 21 மணி நேரம். மறுநாள் காலை அதே கையால்தான் தட்டை வெட்டும் இயந்திரத்தில் தீவனம் தள்ளுகிறார், டிராக்டர் ஓட்டுகிறார், தெளிப்பானில் மருந்து கலக்குகிறார்.

மருந்து கலப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த டேங்குக்கு ஊற்றினோமா இல்லையா என்ற சந்தேகத்தில் இன்னொரு மூடி ஊற்றுவது, கையுறையையும் முகமூடியையும் மறப்பது, காற்றுக்கு எதிரே நின்று அடிப்பது எல்லாம் தூக்கம் கெட்ட காலைப் பொழுதில் எளிதாக நடப்பவை. குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ் போன்ற ஆர்கனோ பாஸ்பரஸ் மருந்துகள் உடம்பில் ஏறினால் அவையே தூக்கத்தைக் கெடுக்கும். கெட்ட கனவு, தலைவலி, அதிக வியர்வை, படபடப்பு ஆகியவை அதன் அறிகுறிகளில் சேரும். மருந்து அடித்த நாள் இரவில் இவை வந்தால் உடம்பு சூடு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் மருந்துப் புட்டியோடு போக வேண்டும். இரவு நீர் பாய்ச்சிய மறுநாள் காலையில் மருந்து அடிக்காதீர்கள். ஒரு நாள் தள்ளினால் பெரும்பாலான பூச்சிகளால் பெரிய நஷ்டம் வந்துவிடாது.

பயிருக்கும் இரவு வேண்டும்

உடம்புக்குள் கடிகாரம் இருப்பது முதலில் தெரிந்தது செடியில்தான். 1729-ல் பிரான்ஸ் நாட்டு அறிஞர் டி மைரான், தொட்டால் சுருங்கி வகைச் செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே படாமலும் அது பகலில் இலை விரித்தது, இரவில் மூடியது. மனித உடம்பிலும் இதே போன்ற கடிகாரம் ஓடுகிறது. அதிகாலை 2 மணி முதல் 5 மணி வரை அது நம் விழிப்பை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். பழகிவிட்டது என்று சொல்பவருக்கும் இது பொருந்தும்.

ஓசூர் பக்கம் பசுமைக்குடிலில் செவ்வந்தி வளர்ப்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. செவ்வந்தி பூக்க நீண்ட, இடைவெளி இல்லாத இருட்டு வேண்டும். நடு இரவில் கொஞ்ச நேரம் விளக்குப் போட்டால் பூப்பது தள்ளிப்போகும். படுக்கையில் படுத்து கைபேசி பார்ப்பவரின் மூளையிலும் இதைப் போன்ற ஒன்றுதான் நடக்கிறது. வெளிச்சம் கண்ணில் பட்டால் தூக்கத்துக்கான மெலட்டோனின் சுரப்பு குறைகிறது. இரவில் வயலுக்குப் போய்த் திரும்பியவர், உடனே கைபேசியில் வீடியோ பார்க்காமல் படுப்பது நல்லது.

எழ வேண்டிய இரவுகளைக் குறைக்க

தூக்கத்துக்கு மாத்திரை தேடுவதற்கு முன்னால், இரவில் எழ வேண்டிய தேவையையே குறைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். இது வேளாண்மைக் கேள்வி. இதற்கு விடை நம்மிடம் இருக்கிறது.

நெல்லில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுங்கள். சுமார் ஓரடி நீளக் குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு, 15 செ.மீ. மண்ணுக்குள் போகும்படி வயலில் பதித்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். வயலில் நீர் வற்றி, குழாய்க்குள் நீர்மட்டம் மண் பரப்புக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு 5 செ.மீ. உயரத்துக்குக் கட்டினால் போதும். நட்ட முதல் இரண்டு வாரமும், பூக்கும் பருவமும் இதற்கு விலக்கு. அப்போது நீர் நிற்க வேண்டும். இப்படிச் செய்வதால் தண்ணீர் மிச்சமாவதைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். பாய்ச்சும் முறை குறையும்போது, விழித்திருக்க வேண்டிய இரவும் குறைகிறது என்பதை ஏனோ யாரும் எழுதுவதில்லை.

தோட்டப் பயிர்களில் சொட்டுநீர் போட்டிருந்தால் மடை திருப்பும் வேலை இல்லை. இரவில்தான் மின்சாரம் என்றால், உயரமான இடத்தில் தொட்டி கட்டி இரவில் நிரப்பிக்கொண்டு, பகலில் வாய்க்காலில் திறந்துவிடலாம். கைபேசியால் இயங்கும் ஸ்டார்ட்டர் வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் மானியத்தில் வழங்கப்பட்டு வந்திருக்கிறது. இப்போது உள்ள நிலவரத்தை உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள். வாங்கும்போது, தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும் வசதியும், நேரம் குறித்து நிறுத்தும் வசதியும் உள்ளதா என்று பாருங்கள். தானியங்கி ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டு விடியும்வரை ஓடவிடுவதை நான் ஏற்கமாட்டேன். யூரியாவும் தண்ணீரோடு வேருக்குக் கீழே இறங்கிவிடும், கிணறும் வற்றும். மின்சாரம் வந்த அதே நொடியில் எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓடினால் டிரான்ஸ்பார்மரும் தாங்காது. ஒவ்வொருவரும் சில நிமிடம் தள்ளி ஓடும்படி அமைத்துக்கொள்வது நல்லது. சூரிய சக்தி பம்புசெட் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

எழுந்தே தீர வேண்டிய இரவில், மாலையில் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டுப் போங்கள். மறுநாள் மதியம் 20 அல்லது 30 நிமிடம் கண் அயரலாம். அதற்கு மேல் தூங்கினால் அன்று இரவுத் தூக்கம் போகும். டீ, காபியில் உள்ள காபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும் என்பதால், மாலை 4 மணிக்கு மேல் குடிப்பதைத் தவிருங்கள். காவலுக்குப் பக்கத்து வயல்காரர்களோடு முறை வைத்துக்கொள்ளுங்கள்.

வயல் கொட்டகையில் வெறுந்தரையில் படுக்கவே கூடாது. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் தூங்குபவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. கடித்தது வலிக்காமலே போகலாம், பல் பட்ட தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, இமை தொங்குவது, பேச்சுக் குழறுவது என்று தொடங்கும். உடனே 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கீறுவது, இறுகக் கட்டுவது எதுவும் வேண்டாம். ஒரு கட்டிலும், ஓரத்தைப் பாய்க்கடியில் செருகிய கொசுவலையும் இந்த ஆபத்தைப் பெருமளவு தடுக்கும். வரப்பில் நடக்க டார்ச்சும் முழங்கால் வரை பூட்ஸும் வேண்டும்.

நேரம் இருந்தும் தூக்கம் இல்லையா?

பாசனம் முடிந்த காலத்திலும் தூக்கம் சரியில்லை என்றால் அது நோயாக இருக்கலாம். கிராமத்தில் சத்தமாகக் குறட்டை விடுபவரை நிம்மதியாகத் தூங்குகிறார் என்பார்கள். குறட்டை நடுவில் நின்று, மூச்சே இல்லாமல் இருந்து, பிறகு திணறி மூச்சு இழுத்தால் அது தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய். படுத்தவருக்கு இது தெரியாது, பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல முடியும். பகலில் பேருந்தில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவது, மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் குறையாதது இதன் அடையாளங்கள். டிராக்டர் ஓட்டுபவர் இதைத் தள்ளிப்போடக் கூடாது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நுரையீரல் அல்லது காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். எடை குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, மதுவை விடுவது உதவும். முற்றியவர்களுக்குக் காற்று அழுத்த முகமூடி தருவார்கள்.

மது குடித்தால் தூக்கம் வரும் என்பது பாதி உண்மை. முன்னிரவில் தூங்க வைத்துப் பின்னிரவில் எழுப்பிவிடும்.

படுத்ததும் கால் குடைச்சல், காலை ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் சுகம் என்று சொல்லும் பெண்கள் நிறையப் பேர். இரும்புச்சத்துக் குறைவால் இது வரலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வீட்டில் கடைசியாகப் படுத்து முதலில் எழுபவரும், நடு இரவில் மடை திருப்பப் போகிறவருக்கு டார்ச் பிடிப்பவரும் பெரும்பாலும் அவர்களே.

வாரத்துக்கு மூன்று இரவோ அதற்கு மேலோ தூக்கம் வராமல் மூன்று மாதம் நீடித்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. மருந்துக்கடையில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள். மாத்திரை இல்லாமலே படுக்கும் முறையையும் நினைப்பையும் மாற்றிச் சரிசெய்யும் சிகிச்சை இருக்கிறது. கடன் கவலையில் விழித்துக் கிடப்பவர்கள், எல்லாம் போதும் என்ற நினைப்பு வந்தவர்கள், 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கோ 104-க்கோ எந்த நேரத்திலும் பேசலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை. பயிற்சியில் மதியம் 2 மணிக்கு விவசாயிகள் தூங்கி விழுந்தால், நம் பேச்சுதான் காரணம் என்று வருத்தப்பட வேண்டாம் (சில நேரம் அதுவும்தான்). அந்த வாரம் அந்த மின்பாதைக்கு எந்த நேர மின்சாரம் என்று முந்தின நாளே விசாரித்துவிட்டுப் பயிற்சி நேரத்தை வையுங்கள். மருந்து தெளிப்புச் செயல்விளக்கத்தைத் தொடங்கும் முன், நேற்று இரவு தண்ணீர் பாய்ச்சியவர் யார் என்று கேட்டு, அவர் கையில் தெளிப்பானைக் கொடுக்காதீர்கள்.