ஒரு குவாட்டர்ல எத்தனை டிரிங்க்? குடியைக் குறைக்கும் ஆப்கள் பற்றி

இந்த எபிசோடை பெரிய காஞ்சிபுரத்துல எங்க வீட்டு மாடியிலிருந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல தறிச் சத்தம் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

கொஞ்ச நாள் முன்னாடி குடிக்கிறதைக் கணக்கு வைக்கிற ஒரு ஆப்பை போன்ல போட்டேன். சனிக்கிழமை ராத்திரி நண்பர்களோட உட்கார்ந்தோம். ஒருத்தன் அப்பாவோட தறியில இருக்கான், ரெண்டு பேர் ஒரகடத்துல ஷிஃப்ட் வேலை. ஆளுக்கு ஒரு குவாட்டர். "இன்று எத்தனை டிரிங்க்?" என்று ஆப் கேட்டது. 1 என்று போட்டேன். பச்சை டிக் வந்தது. "பாத்தியா மச்சான், நான் ஸ்டெடி"ன்னு சொல்லி, நண்பனைப் பின்னாடி உட்கார வச்சு பைக்கை எடுத்துட்டேன்.

நல்லபடியா வீடு வந்து சேர்ந்தோம். ஆனா நான் போட்ட கணக்கு தப்பு.

'ஒரு டிரிங்க்' என்றால் என்ன?

பல ஆப்கள் உலக சுகாதார நிறுவனத்தின் அளவையே எடுத்துக்கொள்கின்றன. அதில் ஒரு டிரிங்க் என்பது 10 கிராம் சுத்தமான ஆல்கஹால். நம்ம ஊர் குவாட்டர் 180 மில்லி. பாட்டில் மேல 42.8 சதவீதம்னு போட்டிருக்கும். அப்படின்னா அதில் சுமார் 77 மில்லி ஆல்கஹால் இருக்கு. எடையில் அது ஏறக்குறைய 60 கிராம். அதாவது ஒரு குவாட்டர் என்பது 6 டிரிங்க். 'கட்டிங்' போட்டா 3. 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் என்றால், 4.

ஒரே அமர்வில் 60 கிராம் அல்லது அதுக்கு மேல குடிப்பதைத்தான் உலக சுகாதார நிறுவனம் 'அதிகக் குடி' என்று கணக்கில் எடுக்குது. நாம "ஒண்ணே ஒண்ணுதான்"னு சொல்ற குவாட்டர் சரியா அந்தக் கோட்டில் நிக்குது.

வண்டி ஓட்டுறவங்களுக்கு இன்னொரு கோடு: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு அது. ஒரு குவாட்டர் அடிச்ச உடனே வண்டி எடுத்தால் அந்தக் கோட்டைத் தாண்டியிருப்பது ஏறக்குறைய நிச்சயம்.

எண்ணினாலே குறையுமா?

நம்ம ஊர்ல டாஸ்மாக் மாதிரி, ஸ்வீடனில் மது விற்கும் அரசு நிறுவனம் சிஸ்டம்போலாகெட். ரத்தத்தில் ஆல்கஹால் எவ்வளவு ஏறியிருக்குன்னு மதிப்பிட்டுச் சொல்ற 'ப்ரோமில்லேகோல்' என்ற ஆப்பை அவங்களே வெளியிட்டாங்க. அளவு மீறிக் குடிக்கும் பல்கலைக்கழக மாணவர்கள் சுமார் 1,900 பேரை வைத்து அதைச் சோதித்த ஆய்வு 2014-ல் வந்தது. குடி குறையல. அந்த ஆப் கிடைத்த ஆண்கள், ஆப் இல்லாதவர்களைவிட அடிக்கடி குடிச்சாங்க.

ஏன்? 'இன்னும் எவ்வளவு குடிக்கலாம்'னு பார்க்கும் மீட்டரா அது மாறியிருக்கலாம். என் பச்சை டிக் செஞ்சதும் அதுதானே!

அதே குழு அடுத்து 'டெலிகோச்' என்ற ஆப்பைச் சோதிச்சாங்க. அது எண்ணிக்கையோட நிக்கல. குடிக்கத் தோணும்போது என்ன செய்யலாம், கூட இருக்கிறவங்க ஊத்தும்போது எப்படி வேண்டாம்னு சொல்றது என்று பழக்கிக் கொடுத்தது. 2017-ல் வந்த முடிவுகளில், அதைப் பயன்படுத்தினவங்ககிட்ட அளவு மீறிய குடி குறைஞ்சிருந்தது.

நம்ம நாட்டில்

கோவாவின் சங்காத் அமைப்பு ஆப்பிலிருந்து இல்லாம, மனுஷங்ககிட்டயிருந்து ஆரம்பிச்சது. மருத்துவப் பட்டம் இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் குடிப்பழக்கம் உள்ள ஆண்களோட பேச வச்சாங்க. 2017 லான்செட் இதழில் வந்த முடிவு இது: மூணு மாசம் கழிச்சு, பேச்சு சிகிச்சை பெற்றவங்கள்ல 42 சதவீதம் பேர் கடைசி 14 நாள் குடிக்கவே இல்லை. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவங்கள்ல அது 18 சதவீதம். அதுக்கப்புறம்தான், செல்போன் குறுஞ்செய்தி மூலமா இதே உதவியைச் செய்யும் 'ஆம்பிட்' திட்டத்தில் இறங்கினாங்க.

இதிலிருந்து நான் எடுத்துக்கிட்டது: மாத்தி என்ன செய்யணும்னு சொல்லிக் கொடுக்குற ஆப்பும், பேச ஒரு மனுஷனும் வேணும். எண்ணிக்கை மட்டும் போதாது.

நீங்க செய்யக்கூடியது

ஒண்ணு, ஆப்பில் பாட்டிலை எண்ணாதீங்க. குவாட்டர்னா 6 என்று போடுங்க.

ரெண்டு, 'ஆடிட்' என்ற 10 கேள்விச் சோதனையை நேர்மையா எழுதுங்க. 8 மதிப்பெண் அல்லது அதுக்கு மேல வந்தா கவனிக்கணும். எனக்கு 11 வந்தது.

மூணு, நோட்டிஃபிகேஷனை ஞாயிறு காலையில வைக்காம, சம்பளம் வர்ற நாள் சாயங்காலம் வைங்க. முடிவு எடுக்கிற நேரம் அதுதான்.

நாலு, ஆப்போட கூட ஒரு ஆளையும் வச்சுக்கோங்க. நான் அந்தத் தறிக்கார நண்பன்கிட்டதான் சொன்னேன். "எனக்கும் அப்படித்தான்டா இருக்கு"ன்னான். இப்போ ரெண்டு பேரும் கட்டிங்கோட நிறுத்திக்கிறோம், சில வாரம் அதுவும் இல்லை. குடிக்கிற அன்னைக்கு ஷேர் ஆட்டோதான்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. தினமும் குடிக்கிறவங்க, காலையில கை நடுங்குறவங்க, ஆப்பை நம்பித் திடீர்னு நிறுத்தாதீங்க. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவமனையில மனநல மருத்துவரைப் பாருங்க. போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவிக்கு டெலி மனஸ் 14416. ரெண்டுக்கும் கட்டணம் கிடையாது.

உங்க ஆப்பில் இதுவரை என்ன எண்ணைப் போட்டுட்டு வந்தீங்கன்னு ஒருமுறை திருப்பிப் பாருங்க. அடுத்த எபிசோடில் பேசலாம்.